புரதமே செய்யாத குட்டி ஆர்என்ஏ... புற்றுநோயில் அதுக்கு என்ன வேலை?

கோட்டக்குப்பத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். வாய்க்காலில் வரும் உப்புநீரைப் பாத்திக்குள் விடுவதற்கும் நிறுத்துவதற்கும் மடைவாயில் கொஞ்சம் மண் போதும். வைத்தால் நீர் நிற்கும், எடுத்தால் பாயும். நம் செல்களுக்குள்ளும் இப்படி ஒரு குட்டி அடைப்பு இருக்கிறது. அதன் பெயர் மைக்ரோ ஆர்என்ஏ.

அப்படின்னா என்ன?

டிஎன்ஏவில் இருக்கும் குறிப்பை நகலெடுத்துக்கொண்டு போவது தூது ஆர்என்ஏ. அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. மைக்ரோ ஆர்என்ஏவில் புரதத்துக்கான குறிப்பு எதுவும் கிடையாது. நீளமும் சுமார் 22 எழுத்துகள்தான். ஆனால் அது தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதத்தின் உற்பத்தி குறையும் அல்லது நின்றுவிடும்.

1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்தார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும். ‘புழுவுக்கு மட்டும் உள்ள விசேஷம் போல’ என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். 2024-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய் எங்கே வருது?

சிஎல்எல் என்பது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் புற்றுசெல்களில் 13-வது குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அங்கே எந்தப் புரத மரபணு தொலைந்தது என்று பல ஆண்டுகள் தேடியும் தெளிவான விடை கிடைக்கவில்லை. தொலைந்தது புரத மரபணுவே இல்லை, மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்கள் என்று 2002-இல் காட்டியது கார்லோ குரோசேயின் குழு.

அவை போனால் என்ன ஆகும்? ‘பிசிஎல்-2’ என்ற புரதத்தை அடக்கி வைப்பது இந்த இரண்டும்தான். செல்லைச் சாக விடாமல் காப்பாற்றுவது அந்தப் புரதத்தின் வேலை. அடைப்பு உடைந்ததும் பிசிஎல்-2 பெருகும். சாக வேண்டிய செல்கள் சாகாமல் குவியும். இதே பிசிஎல்-2வைத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிஎல்எல் சிகிச்சையில் இன்று அது முக்கியமான மருந்து.

எல்லா மைக்ரோ ஆர்என்ஏவும் நல்ல பிள்ளை கிடையாது. மிர்-21 பல புற்றுக்கட்டிகளில் அளவுக்கு மீறி இருக்கிறது. கட்டியைத் தடுக்க வேண்டிய புரதங்களையே அது அடக்கிவிடுகிறது.

அப்போ இதையே மருந்தா கொடுத்தா?

முயன்று பார்த்தார்கள். மிர்-34ஐப் போலச் செய்த ‘எம்ஆர்எக்ஸ்-34’ மருந்து 85 புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கடுமையான எதிர்வினையால் 4 பேர் இறந்தார்கள். 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும். கட்டிக்குள் மட்டும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்னும் பெரிய சவால்.

ரத்த டெஸ்ட் எடுக்கலாமா?

ரத்தத்திலும் மைக்ரோ ஆர்என்ஏ மிதக்கிறது என்பது உண்மை. அதை வைத்து நோயை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று உலகம் முழுக்க ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் அறிகுறி இல்லாத ஒருவருக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் பரிசோதனையாக அது இன்னும் மாறவில்லை. ‘ஒரு சொட்டு ரத்தம், எல்லா கேன்சரும் தெரியும்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் பர்ஸைத் திறக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். கோட்டக்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கு ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் பக்கத்து ஊரான புதுச்சேரியிலேயே இருக்கிறது.