ஜமேதாரின் ஒரு ரூபாய்

சம்பளம் கொடுத்தாயிற்று என்று முதலாளி சொல்வதும், கைக்கு வந்து சேரவில்லை என்று தொழிலாளி சொல்வதும் புதிய வழக்கன்று. இருவருமே உண்மை சொல்லுகிற சந்தர்ப்பமும் உண்டு என்பதுதான் விசித்திரம். தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர் பலர் ஒப்பந்தக்காரர்களிடம் துப்புரவு வேலையும் காவல் வேலையும் பார்த்து வருவதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதலாமென்று தோன்றிற்று.

1982ஆம் ஆண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அதற்காக அரங்கங்களும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழும்பின. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிஸ்ஸா முதலிய இடங்களிலிருந்து வந்த ஏழைகளே கல்லும் மண்ணும் சுமந்தனர். அன்று நிர்ணயிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு ரூ. 9.25. ஒப்பந்தக்காரர்கள் அத்தொகையை, ஆட்களைத் திரட்டி வந்த ஜமேதார்களிடம் கொடுத்தனர். ஜமேதார் தம் தரகாக ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு, ரூ. 8.25ஐத் தொழிலாளியிடம் நீட்டினார். கணக்குப் புத்தகத்தில் குற்றமில்லை, கையில்தான் குறைவு.

ஜனநாயக உரிமைகளுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு இது குறித்துச் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. நீதிபதி பகவதி 1982 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு இன்றும் படிக்கத் தக்கது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பவன், அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்துள்ள கட்டாய உழைப்பையே செய்கிறான் என்று அத்தீர்ப்பு கூறிற்று. கூலியை இடையில் எவர் பிடித்தமுமின்றித் தொழிலாளியிடம் நேராகக் கொடுக்கவேண்டுமென்றும் வற்புறுத்திற்று. ஒரு ரூபாய்தானே என்று அன்று நினைத்தவர்கள் அதன்பின் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

எங்கள் ரயில்வே இலாகாவில் மூத்தவர்கள் பழைய பட்டுவாடா முறையைச் சுவையாகச் சொல்வதுண்டு. சம்பள குமாஸ்தா இரும்புப் பெட்டியுடன் ரயிலேறி, ஒவ்வொரு நிலையமாக இறங்கிப் பணம் எண்ணிக் கொடுப்பார். தண்டவாளத் தொழிலாளி கைநாட்டு வைப்பான். பக்கத்தில் ஓர் அதிகாரி சாட்சிக் கையொப்பம் இடுவார். தாமதமும் தொல்லையும் உண்டுதான். ஆயினும் பணம் இன்னார் கையில் விழுந்தது என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி இருந்தது.

பாங்கி வழியே சம்பளம் செலுத்தும் முறை பரவியபோது, இனி ஜமேதாருக்கு வேலையில்லை என்று நம்மில் பலர் மகிழ்ந்தோம். 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, பாங்கியில் செலுத்தத் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கிற்று. ஆனால் ஜமேதார் போய்விடவில்லை. அவர் இப்போது ஏ.டி.எம். அட்டையை வைத்துக்கொண்டிருக்கிறார்!

விழுப்புரம் பக்கத்து அம்மாள் ஒருவர், ஓர் அடுக்குமாடி அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர், சென்ற ஆண்டு பாஸ்புத்தகத்துடன் என் வீட்டுக்கு வந்தார். மாதம் ரூ. 18,000க்குச் சற்று மேல் வரவு காட்டிற்று. “இதில் ரூ. 12,000தான் என் கைக்கு வருகிறது தம்பி. அட்டையும் நம்பரும் சூப்பர்வைசரிடம் இருக்கின்றன. கேட்டால் சீருடைக்கு, பாஸுக்கு, கம்பெனி கட்டுகிற பி.எஃப். பங்குக்கு என்கிறார்” என்றார். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பது பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் பொதுவான விதி என்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? அதைச் சொல்வதற்கு அங்கே இருந்தவர் அதே சூப்பர்வைசர்தான்.

இங்கே சட்டத்தின் ஒரு சிறு வாசகம் கைகொடுத்தது. தொழிலாளி தன் முதலாளிக்கோ முதலாளியின் ஏஜெண்டுக்கோ கொடுக்கும் எந்தப் பணமும் சம்பளத்தில் செய்த பிடித்தமாகவே கருதப்படும். 1936 சட்டத்திலேயே உள்ள இவ்விளக்கம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, முழுத் தொகையையும் பாங்கியில் செலுத்திவிட்டோம் என்பது மட்டும் பதிலாகாது. புதிய தொகுப்பின்படி, குறைவாகக் கொடுத்ததாகவோ அனுமதியின்றிப் பிடித்ததாகவோ புகார் எழுந்தால், கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. மனுச் செய்ய மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு. பழைய சட்டத்தில் அது பன்னிரண்டு மாதமே.

ஆனால் அதிகாரியிடம் எதைக் காட்டுவது? நாங்கள் மூன்று பெண்களின் பாங்கிக் கணக்கு விவரங்களை வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் சம்பளம் விழுந்த நாளன்றே, ஒரே இயந்திரத்தில், இரண்டு மூன்று நிமிட இடைவெளியில், மூன்று கணக்கிலிருந்தும் பணம் எடுக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் மூவரும் நான்காவது மாடியில் வேலையிலிருந்ததை வருகைப் பதிவே காட்டிற்று. மனுவை நான் எழுதினேன், அவர்கள் கையெழுத்திட்டார்கள்.

விசாரணையின் முதல் நாள், அவை முன்பணத்துக்கான தவணைகள் என்று ஒப்பந்தக்காரர் தரப்பு சொல்லிற்று. கடன் சீட்டைக் காட்டும்படி அதிகாரி கேட்டதும் வாய்தா வாங்கினார்கள். அடுத்த வாரமே அட்டைகள் திரும்பி வந்தன. மூன்று மாதப் பணமும் கணக்கில் சேர்ந்தது. மீதிக்கு மனு நிலுவையில் இருக்கிறது. அந்த அம்மாளை மட்டும் துவாரகைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். சென்ற ஏழாம் தேதி முதன்முறையாகத் தாமே இயந்திரத்தில் பணம் எடுத்ததாகவும், நம்பரை மறந்துவிடாமலிருக்க வழி முழுவதும் சொல்லிக்கொண்டே போனதாகவும் சொன்னார்.