செய்து காட்டக் கற்கும் யந்திரங்கள்

ஒரு தொழிலை எழுதி விளக்குவதைக் காட்டிலும் கையால் செய்து காட்டுவது எளிது என்பதை ஆசிரியர்களும் கிராமங்களில் பணிபுரிவோரும் நன்கு அறிவர். யந்திரங்களுக்கும் இம்முறையிலேயே வேலை கற்பிக்க இயலுமா என்னும் ஆராய்ச்சி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது.

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்திலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில் 'யூனிமேட்' என்னும் யந்திரக் கரம் வேலைக்கு அமர்த்தப்பட்டது. இதன் மூலக் கருத்து ஜார்ஜ் டெவல் என்பவருடையது. கரத்தை வேண்டிய இடங்களுக்கு ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினால் அந்நிலைகள் காந்த உருளை ஒன்றில் பதிவாகும். பின்னர் கரம் அவற்றை அப்படியே திரும்பச் செய்யும். அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவரும் உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை. பாகம் நான்கு விரற்கடை விலகியிருந்தால் கரம் வெறுங்காற்றையே பற்றும். இதனைக் கற்றல் என்பதைவிட நெட்டுருப் போடுதல் என்பதே பொருந்தும்.

சாலையில் ஓடும் வண்டிக்கு நெட்டுரு உதவாது. கண்முன் தோன்றும் காட்சி கணந்தோறும் மாறுகிறது. பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் சர்வகலாசாலையில் டீன் பாமர்லோ என்னும் விஞ்ஞானி 1980-களின் பிற்பகுதியில் 'ஆல்வின்' என்னும் அமைப்பை உருவாக்கினார். வண்டியின் காமிரா காணும் காட்சி 30-க்கு 32 என்ற கணக்கில் 960 புள்ளிகளாகச் சுருக்கப்படும். நரம்பு வலையைப் போன்ற கணிப்பொறி அமைப்பு ஒன்று அதைக் கொண்டு ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பலாம் என்று சொல்லும். அதே கணத்தில் மனித ஓட்டுநர் திருப்பிய அளவுடன் அது ஒப்பிடப்பட்டு, வேறுபாடு குறையும்படி வலையின் இணைப்புகள் திருத்தப்படும். ஓட்டுநர் ஓட்டுவதைச் சுமார் ஐந்து நிமிஷம் கவனித்தால் போதும். அச்சாலையில் வண்டி தானே செல்லும்.

ஆயினும் இதில் ஒரு விசித்திரமான இடர்ப்பாடு தோன்றிற்று. ஓட்டுநர் திறமைசாலி, வண்டியைச் சாலையின் நடுவிலேயே செலுத்துகிறார். ஆகவே ஓரத்திற்கு ஒதுங்கிய வண்டியை மீட்கும் வித்தையை மாணாக்கனாகிய யந்திரம் ஒருபோதும் காண்பதில்லை. தானே ஓட்டும்போது சிறிது பிசகினால், பாடத்தில் வராத காட்சி எதிர்ப்படுகிறது. அதனால் மேலும் பிசகுகிறது. பிசகு பிசகை வளர்க்கிறது. ஓட்டுநரையே வேண்டுமென்று தாறுமாறாக ஓட்டச் செய்து, மீட்கும் பகுதியை மட்டும் கற்பிக்கலாம். ஆனால் பிற வண்டிகள் செல்லும் சாலையில் அது பேராபத்து. எனவே பாமர்லோ வேறொரு வழியைக் கையாண்டார். காமிராப் படம் ஒவ்வொன்றையும் கணிப்பொறியிலேயே பக்கவாட்டில் நகர்த்தியும் திருப்பியும், வண்டி விலகி நிற்பது போன்ற பதினான்கு படங்களாக ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் நடுவழிக்கு மீள வேண்டிய திருப்பத்தைக் கணக்கிட்டு அதையும் பாடத்தில் சேர்த்தார். நீண்ட நேர்ச்சாலையில் ஓடியபின் வளைவுகளை வலை மறந்துவிடாதபடி பழைய படங்களையும் இடையிடையே காட்டினார். ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பத் தந்த வகுப்பில் முந்திய பாடம் மறந்துபோவதைக் கண்ட ஆசிரியருக்கு இது வியப்பளிக்காது.

2011-இல் அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டெஃபான் ராஸ், ஜெஃப்ரி கார்டன், ட்ரூ பாக்னெல் ஆகியோர் இக்குறைக்குப் பொதுவானதொரு பரிகாரம் கண்டனர். யந்திரம் தன் போக்கில் வேலையைச் செய்கிறது. அது சென்றடையும் ஒவ்வொரு நிலையிலும், தவறான நிலையேயாயினும், "இங்கே நானாக இருந்தால் இவ்வாறு செய்வேன்" என்று வல்லுநர் குறித்துத் தருகிறார். அக்குறிப்புகள் பழைய பாடத்துடன் சேர்க்கப்பட, யந்திரம் மீண்டும் பயில்கிறது. வெறும் பின்பற்றலில் வேலையின் நீளம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு வரை பெருகக்கூடும். இம்முறையிலோ, தக்க நிலைமைகளில், நீளத்தின் அளவிற்கே பெருகும். இதைக் கணிப்பொறிப் பந்தய விளையாட்டு ஒன்றிலும் சோதித்துப் பார்த்தனர்.

பிழை பெருகுவதைத் தடுக்கும் மற்றோர் உபாயம் 2023-இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் முதலானோர் வெளியிட்ட 'அலோஹா' என்னும் இரட்டைக் கரத்தில் கையாளப்பட்டது. ஒருவர் இரு சிறு கரங்களைப் பிடித்து இயக்க, எதிரே வேறிரு கரங்கள் அவ்வாறே இயங்கும். பின்னர் யந்திரம் தனித்து வேலை செய்கையில், ஒவ்வொரு அசைவையும் தனித்தனியே தீர்மானியாமல் அடுத்த பல அசைவுகளை ஒரு தொகுதியாகத் தீர்மானிக்கிறது. தீர்மானங்கள் குறையவே, பிசகும் சந்தர்ப்பங்களும் குறைகின்றன. சுமார் பத்து நிமிஷச் செய்முறையைக் கண்டபின், மின்கலத்தை அதற்குரிய குழியில் பொருத்துவது, சிறு கிண்ணத்தின் மூடியைத் திறப்பது போன்ற வேலைகளில் 80 முதல் 90 சதவிகிதம் வரை வெற்றி கிட்டிற்று. மேஜைமேல் நடக்கும் வேலைக்கு இது போதும். எஞ்சிய பத்து, இருபது சதவிகிதத்தில் கிண்ணம் உருண்டுவிட்டால் அருகிலிருப்பவர் எடுத்து வைக்கிறார். சாலையில் ஓடும் வண்டிக்கு அவ்வாறு எடுத்து வைப்பார் எவருமில்லை.