மாடிப்படிக்குக் கீழே ஒரு புல்லட்

வியாழக்கிழமை மாலையில் எங்கள் விவேக் நகர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். அந்த இரைச்சலிலும் ஒரு சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். எண்ணிப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, "டுப்... டுப்... டுப்..." என்று நிதானமாக வரும் அது புல்லட். அதிலும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் என்றால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். ரயில்வேயில் இருந்தவன் காதுக்கு இது பெரிய வித்தையல்ல. எஞ்சின் சத்தம் மாறினால் தூக்கத்திலும் விழித்துக்கொள்ளும் சாதி நாங்கள்.

அப்படி ஒரு புல்லட் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே 17 ஆண்டுகள் பேசாமல் நின்றது. வண்டிக்காரர் ரயில் ஓட்டுநர். என்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 1964-ஆம் ஆண்டு வண்டி. பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. 1971-இல் இரண்டாவது கையாக வாங்கினார். எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் மாநில எண். இரவு டியூட்டி முடிந்து விடியற்காலை அவர் தெருமுனை திரும்பும்போதே அண்ணி அடுப்பைப் பற்ற வைப்பாராம். 2005-இல் அண்ணன் காலமானார். அன்றிலிருந்து வண்டியின் மேல் ஒரு பழைய தார்ப்பாய். தார்ப்பாயின் மேல் காலி டப்பாக்கள், உடைந்த நாற்காலி, பேரன் சிறு வயதில் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள்.

2022-இல் அந்த வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்ட ஒப்பந்தம் ஆயிற்று. ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அண்ணி கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பழைய வண்டி வாங்குபவர் ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து நல்ல விலை சொன்னார். பேரனுக்கு விற்பதில் சம்மதம். அண்ணி மட்டும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, விக்கிறதோ வச்சுக்கிறதோ அப்புறம். ஓடாத வண்டியா இந்த வீட்ட விட்டு அது போகக்கூடாது. உங்களால முடியுமா?"

டீசல் எஞ்சினையே பிரித்துப் போட்டவன் நான். ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குக் கிடைத்த பலனைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வண்டியின் பூர்வீகம். ராயல் என்பீல்டு பிறந்தது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில். முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வெளிவந்தது. புல்லட் என்ற பெயர் 1932-இல் வந்தது. ஐம்பதுகளில் நம் இராணுவத்துக்காக இந்திய அரசு புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக, 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை அமைந்த இடம் திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதி கொண்ட ஊரில் புல்லட்! எல்லாவற்றையும் துறந்தவர் அருகில், துறக்கவே முடியாத ஒரு பொருளைச் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-இல் வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. சென்னையில் நிற்கவில்லை. 1977-இல் சென்னையில் செய்த புல்லட்டைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே விற்கத் தொடங்கினார்கள். பிறந்த வீட்டுக்குச் சீர் போவது போல.

மற்ற பிரிட்டிஷ் வண்டிகளும் எங்கள் கண்டோன்மென்ட் ஊருக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் ஓட்டியவை பி.எஸ்.ஏ. எம்-20, நார்ட்டன் 16-எச், மேட்ச்லெஸ் ஜி-3-எல் போன்றவை. அவற்றைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பவர்கள் பெங்களூரில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கம்பெனிகளின் கதை விசித்திரமானது. நார்ட்டனை 2020-இல் வாங்கியது நம் டி.வி.எஸ். மோட்டார், எங்களுக்கு நாற்பது கிலோமீட்டரில் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் அதே டி.வி.எஸ். பி.எஸ்.ஏ. பெயரை 2016-இல் வாங்கியது மஹிந்திராவைச் சேர்ந்த நிறுவனம். துரைமார்கள் ஓட்டிய வண்டிகளின் பெயர்ப்பலகை இப்போது நம்மவர் கையில்.

சரி, மாடிப்படிக்கு வருவோம்.

வண்டியை வெளியே இழுத்தபோது இரண்டு சக்கரமும் சுற்றவில்லை. பெட்ரோல் டேங்கைத் திறந்தால் பழைய வார்னிஷ் நாற்றம், உள்ளே துரு. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பது போல. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக் துவாரம் வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் பின்சக்கரத்தை மெல்ல அசைத்ததும் "க்ளுக்" என்று இறங்கியது. அன்றைக்கு அண்ணி கேசரி கிண்டினார்.

இந்த வண்டியில் இளைஞர்கள் கெட்டுப் போகிற இடம் நட்டும் போல்ட்டும்தான். பிரிட்டிஷ் மரை வேறு, மெட்ரிக் மரை வேறு. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் 60 டிகிரி. இரண்டும் முதல் இரண்டு சுற்றுக்கு நல்ல பிள்ளை போல் ஏறும்; பிறகு மரையைத் தின்றுவிடும். ஸ்பானரிலும் குழப்பம். மெட்ரிக் ஸ்பானரில் உள்ள எண் நட்டின் அகலத்தைச் சொல்லும். பழைய விட்வொர்த் ஸ்பானரில் உள்ள எண்ணோ போல்ட்டின் குறுக்களவைச் சொல்லும். கையில் கிடைத்த ஸ்பானரைப் போட்டுத் திருகி, அறுகோண நட்டை உருண்டையாக்கி வைத்திருப்பார்கள். என்னிடம் பழைய விட்வொர்த் செட் ஒன்று இருந்தது, அது தப்புவித்தது. பாகங்களுக்கு ஜே.சி. ரோட்டில் நாலைந்து நாள் அலைந்தேன். கிடைக்காதவற்றுக்கு ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினேன். புதிதாகச் செய்த உதிரிபாகத்தைவிடப் பழைய அசல் பாகம் தேய்ந்திருந்தாலும் மேல் என்பது என் அனுபவம்.

பெயிண்ட் விஷயத்தில் பேரனோடு சிறு தகராறு. பளபளவென்று புதிதாக அடிக்கலாம், கைப்பிடியை உயர்த்தலாம் என்றான். நான் துருவை மட்டும் நிறுத்திப் பழைய கறுப்பை மெருகேற்றினால் போதும் என்றேன். டேங்கின் இடப்பக்கம் ஒரு பள்ளம். 1978-இல் மாகடி ரோட்டில் எருமை இடித்தது என்று அண்ணி தேதியோடு சொன்னார். அதைத் தட்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் இருக்கிறது.

நான்கு மாதத்தில் வண்டி தயார். இதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. பலத்தால் ஆகாது. கிக்கரை மெதுவாக அழுத்தும்போது விளக்குத் தலைப்பில் உள்ள ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் இடப்பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை ஒரு சிறிது தள்ளி, லிவரை விட்டு, காலை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பது இன்னொரு சோதனை. முதல் நாள் சிக்னலில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தேன்.

முதல் மிதியில் இல்லை, ஆறாவது மிதியில் கிளம்பியது. அண்ணி அன்று மருத்துவமனைக்குப் போயிருந்தார். நல்லதாயிற்று என்று பின்னால் தோன்றியது. ராக்கர் மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் பொங்கி வந்தது. திருப்தி. கனகபுரா ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். திரும்பும் வழியில் ஒரு மேட்டில் கீழிருந்து "டக், டக், டக்" என்று ஒரு சத்தம். என் வயிற்றில் புளி கரைத்தது. ரயில்வேக்காரனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். உடனே நிறுத்தி, ஒரு டெம்போ பிடித்து ஏற்றி வந்தேன்.

பிரித்தால், கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள புஷ் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. இந்த எஞ்சினில் அங்கே உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அதற்கு எண்ணெய்தான் உயிர். பம்ப் அனுப்பும் எண்ணெய் டைமிங் மூடி வழியாகக் கிராங்கின் முனைக்குள் நுழைந்து புஷ்ஷுக்குப் போகிறது. நுழையும் இடத்தில் ஒரு சிறிய கார்க் சீல். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். 17 ஆண்டு காய்ந்து கல்லாகிவிட்ட அதையே நான் திரும்பப் போட்டிருந்தேன். எண்ணெய் ஓரமாக வழிந்து கீழே இறங்கிவிட்டது. அப்படியானால் ராக்கரில் எண்ணெய் வந்ததே? ராக்கருக்கு எண்ணெய் போவது திரும்பும் வழியில். புஷ் வறண்டு சாகும்போதும் மேலே எண்ணெய் பொங்கும். நான் பார்த்துத் திருப்திப்பட்டது தப்பான இடம்.

வேலை பார்த்த நாளெல்லாம் ஹாட் ஆக்சிலுக்குப் பயந்து எண்ணெயையே பார்த்தவன், சில ரூபாய்ச் சீலில் கோட்டை விட்டேன். வீடு காலி செய்ய மூன்று வாரம்தான் பாக்கி. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் அதிகம் சுட்டது. வாங்க வந்தவர் மறுநாள் போன் செய்து, இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வதாக, சொன்ன விலையில் பாதியைச் சொன்னார்.

சிவாஜி நகரில் எழுபது வயது பாய் ஒருவர் இருக்கிறார். கிராங்க் வேலை மட்டும்தான் செய்வார். ஃப்ளைவீல்களைப் பிரித்து, புதிய பின்னும் புஷ்ஷும் போட்டு, திரும்ப இணைத்து நேர் பார்ப்பது சாமானியமல்ல. டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்ப்பார், செம்புச் சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி பார்ப்பார். நான் ஒரு பகல் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சினியர் சார், அவ்வளவு பெரிய ரயிலுக்கு எண்ணெ பாத்தீங்க. இந்தச் சின்னதுக்குப் பாக்கலியே." அவர் மகன்கள் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். பட்டறையில் கூட வேலை கற்க ஆள் யாரும் இல்லை.

இதற்கிடையில் காகித வேலை. அண்ணன் பெயரிலிருந்து பேரன் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்று, 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவு புதுப்பித்தல் எல்லாம். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் ஓட்டலாமே தவிர, அன்றாடம் ஓட்ட முடியாது. பேரன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாதாரணப் பதிவையே புதுப்பித்தான். அப்போதுதான் அவன் விற்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. அவனிடம் ஒன்று மட்டும் எச்சரித்தேன். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள்; அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் குழாயை அதற்குத் தாங்கும் வகையாக மாற்ற வேண்டும். நாள்கணக்கில் ஓட்டாவிட்டால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும். இது பழைய வண்டி வைத்திருக்கும் எல்லா அன்பர்களுக்கும்தான்.

லாரி வருவதற்கு முந்தைய நாள் மாலை. வீட்டுக்குள் சாமான்கள் மூட்டையாகக் கிடந்தன. அண்ணி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேரன்தான் மிதித்தான், ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, லிவரைப் பிடித்து, நான் சொல்லிக் கொடுத்தபடி. இரண்டாவது மிதியில் கிளம்பியது. தெருமுனைவரை போய்த் திரும்பினான். முனை திரும்பும்போது அண்ணியின் கை தன்னையறியாமல் முந்தானையைச் சரி செய்தது. எழுந்திருக்கப் பார்த்தார், அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல, பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வண்டி வந்து நின்றது. எஞ்சினை அணைத்தபின் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன்.

"தம்பி, கீழ அட்டை ஒண்ணு போடுங்க. எண்ணெ சொட்டும்."

போட்டேன். சொட்டியது.