அச்சகத்தின் பெயர் இல்லாத நோட்டீஸ்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் நோட்டீஸ். பள்ளி விடுமுறையில் தாள் அடுக்க அங்கே போவேன். ஒரு சட்டமன்றத் தேர்தல் சமயம், பொழுது சாய்ந்த பிறகு ஒருவர் கையால் எழுதிய பிரதியோடு வந்தார். வேட்பாளர் ஒருவரைக் கிழிகிழியென்று கிழித்திருந்தது. முதலாளி படித்து முடித்துவிட்டு, “வெளியிடுறது யார்னு போடணும்?” என்றார்.

“பேரெல்லாம் வேண்டாம்ணே. ‘நடுநிலையாளர்கள்’னு போட்டுருங்க.”

“நடுநிலையாளர்கள் ஜெயிலுக்கு வரமாட்டாங்க தம்பி. நான்தான் போகணும்.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சட்டம் படித்தவர் அல்ல. ஆனால் தன் தொழிலுக்கு வேண்டிய சட்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. தேர்தல் நோட்டீசோ சுவரொட்டியோ எதுவானாலும் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், இருவரின் முகவரி அதில் இருந்தே ஆக வேண்டும். வெளியிடுபவர் தான் இன்னார் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். அவரை நேரில் அறிந்த இருவர் அதற்குச் சாட்சி. அச்சகம் அந்த உறுதிமொழியையும் அச்சடித்த நோட்டீசில் ஒரு பிரதியையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மாநிலத் தலைநகரில் என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவரொட்டியின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்குமே, அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் தேர்தல் ஆணையம், பெரிய விளம்பரப் பலகைகளுக்கும் இந்த வரி கட்டாயம் என்று நினைவூட்டியது.

அந்த ‘நடுநிலையாளர்’ இன்று அச்சகம் தேடி அலைய வேண்டியதில்லை. போன தேர்தலின்போது என் செல்போனில், ஒரு மீன்குழம்பு வீடியோவுக்கும் கிரிக்கெட் துணுக்குக்கும் நடுவே அவர் வந்து நின்றார். அரை நிமிடக் காணொளி. ஒரு வேட்பாளரைப் பற்றிய நக்கல். மேலே சின்னதாக ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல். பணம் கொடுத்தது யார் என்று தட்டிப் பார்த்தால், ஓர் ஊர்ப்பெயரோடு ‘குரல்’ என்பதை ஒட்டிய பக்கத்தின் பெயர்தான் அங்கேயும் இருந்தது. கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த விசித்திரம் அல்ல. 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக் இந்தியாவில் அரசியல் விளம்பரங்களுக்குப் ‘பணம் கொடுத்தவர்’ குறிப்பைக் கட்டாயமாக்கியபோதே, விளம்பரதாரர் தன் பெயரைப் போடலாம், தான் நடத்தும் பக்கத்தின் பெயரைப் போடலாம், ஓர் அமைப்பின் பெயரையும் போடலாம் என்று இடம் வைத்தது. அடையாள அட்டை நிறுவனத்திடம் போகும். வாக்காளருக்குக் கிடைப்பது புனைபெயர்.

இந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்பது 2022 மார்ச்சில் ஓரளவு தெரிந்தது. ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற செய்தியாளர் குழுவும் ஆட்.வாட்ச் ஆய்வாளர்களும், 2019 பிப்ரவரி முதல் 2020 நவம்பர் வரை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வந்த 5,36,070 அரசியல் விளம்பரங்களை அலசினார்கள். பாஜகவுக்கு ஆதரவாக, கட்சியோடு உள்ள தொடர்பைக் காட்டிக்கொள்ளாத குறைந்தது 23 விளம்பரதாரர்கள் 34,884 விளம்பரங்களுக்காக 5.83 கோடி ரூபாய் செலவழித்திருந்தார்கள். அவை பார்க்கப்பட்டது 131 கோடி தடவைக்கு மேல். மற்றவர்கள் புனிதர்கள் என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில், காங்கிரசின் ஐடி பிரிவோடு தொடர்புள்ள ஆட்கள் உண்மை அடையாளத்தை மறைத்து நடத்தியதாகச் சொல்லி 687 பக்கங்களையும் கணக்குகளையும் ஃபேஸ்புக் நீக்கியது. அதே நாளில் வேறொரு தரப்பின் பக்கங்களும் போயின.

‘யார் பணம் கொடுத்தால் என்ன, சொல்வது உண்மையா என்று பார்த்தால் போதாதா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. சுவரொட்டியை ஊரே பார்க்கிறது. பொய் என்றால் மறுநாள் காலை அதன் மேலேயே மறுப்பு ஒட்டுவார்கள். செல்போன் விளம்பரத்தை இந்த வட்டாரத்தில், இந்த வயதில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று குறிவைத்து விடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது. பிறகு மறுப்பது யார்? இதைவிடப் பெரிய விஷயம் கணக்கு. தமிழகத்தில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது 2022-ல் வந்த வரம்பு. கட்சிக்கு வரம்பே இல்லை. ‘குரல்’ பக்கம் செலவழித்தது யார் கணக்கில் ஏறும்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1974-லேயே விடை சொல்லிவிட்டது. கன்வர் லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்குத் தெரிந்தே கட்சியோ நண்பரோ செலவழித்தால் அது வேட்பாளரின் செலவுதான் என்றது தீர்ப்பு. நாடாளுமன்றம் அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தித் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. அந்தத் திருத்தத்தை நீக்க 2003 வரை ஆனது.

வேட்பாளருக்குத் தெரியாமலே ஒருவர் செலவழித்தால்? வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காக விளம்பரத்துக்குச் செலவழிப்பது குற்றம் என்று 1920-லிருந்து சட்டம் இருக்கிறது. அபராதம் 500 ரூபாய் வரை. நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே கிடந்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ம் பிரிவில் 10,000 ஆகியிருக்கிறது. அதில் ஒரு விலக்கு உண்டு: அனுமதியில்லாச் செலவு 10 ரூபாய்க்கு மிகாமல் இருந்து, 10 நாளுக்குள் வேட்பாளரின் ஒப்புதலை வாங்கிவிட்டால் குற்றமில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பத்து ரூபாய். இன்று ஒரு டீக்குக்கூடக் காணாது. புதுச் சட்டம் எழுதியவர்கள் அதையும் பத்திரமாகப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். மேலும் இது போலீஸ் தானாகப் பிடியாணையின்றிக் கைதுசெய்யும் குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் விசாரிக்கவும் முடியாது.

ஆணையத்தின் விதிகள் இதைவிட மேல். 2013 அக்டோபர் 25 உத்தரவின்படி வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுவோடு தெரிவிக்க வேண்டும். இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம், படைப்புச் செலவு, ஆட்களின் சம்பளம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். இணைய விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்சான்றும் தேவை. ஆனால் தனிக் கணக்கில் போடும் சாதாரணப் பதிவுக்குச் சான்று வேண்டாம். மீம்ஸ் பக்கம் நடத்தும் பையனுக்குக் கையில் பணம் கொடுத்து ஒரு ‘சாதாரணப் பதிவு’ போட வைத்தால்? அது ஃபேஸ்புக் எல்லோரும் பார்க்க வைத்திருக்கும் விளம்பர நூலகத்திலும் இருக்காது, வேட்பாளர் கணக்கிலும் இருக்காது. இனிவரும் தேர்தல்களில் பணம் ஓடப்போவது இந்த வாய்க்காலில்தான் என்பது என் கணிப்பு.

வாக்காளர் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ல் ரத்து செய்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, கட்சிக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று அறிவது அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் உரிமை என்றது. அடுத்த மாதமே பட்டியல் வெளிவந்தது; அதிகம் கொடுத்தது 1,368 கோடி ரூபாய் தந்த கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனம் என்று நமக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.

சந்தேகமான விளம்பரம் கண்ணில் பட்டால் முதலில் அதைப் பகிராதீர்கள்; திட்டுவதற்காகக்கூட வேண்டாம். மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி, பணம் கொடுத்தவர் விவரத்தையும் ‘இது ஏன் எனக்குக் காட்டப்படுகிறது’ என்பதையும் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் விளம்பர நூலகத்தில் பக்கத்தின் பெயரைத் தேடினால் செலவும் பார்வையும் தோராயமாகக் கிடைக்கும். கணக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. அங்கேயுள்ள அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசியல் விளம்பரங்கள் அங்கே 7 ஆண்டு இருக்கும். கூகுளும் யூடியூப் விளம்பரங்களுக்கு இப்படியொரு பக்கம் வைத்திருக்கிறது.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது பலரும், விதிமீறலைப் படமெடுத்து ஆணையத்துக்கு அனுப்பும் சி-விஜில் வசதியைத் திறக்கிறார்கள். அது அந்த இடத்திலேயே எடுக்கும் படத்துக்கானது. போனில் சேமித்த ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காது. செல்போன் விளம்பரத்துக்கு எழுத்துப் புகார்தான் வழி: தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் அனுப்பி, செலவினப் பார்வையாளருக்கு ஒரு நகல் வையுங்கள். விவரம் வேண்டுமென்றால் 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ‘இந்த விளம்பரத்துக்கு முன்சான்று உண்டா? யார் கணக்கில் ஏற்றினீர்கள்?’ என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் வந்திருந்தால் நேரத்தையும் குறிப்பிடுங்கள்; அப்படிப்பட்டதை ஆணையம் சொன்ன 3 மணி நேரத்துக்குள் கவனிப்பதாக 2019-ல் இணைய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

தேர்தல் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தல் நடத்துதல் விதிகளின் 88-ம் விதிப்படி அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் 1 ரூபாய். நகலுக்குத் தனிக் கட்டணம். வென்றவர் வரம்பை மீறியதற்கு ஆதாரம் இருந்தால், முடிவு வந்த 45 நாளுக்குள் அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். வைப்புத்தொகை 2,000 ரூபாய், வக்கீல் செலவு தனி. கணக்கு வந்து சேர 30 நாள் போய்விட்டால் மிச்சம் 15 நாள்தான். ஸ்கிரீன்ஷாட்டை அப்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.