சண்டை இல்லாத வீடு

சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே குளம். முதுமையில் அந்தக் குளத்தில் இறங்கிய திருநீலகண்ட நாயனாரும் மனைவியும் இளமையோடு கரையேறினார்கள் என்பது நம்பிக்கை. கும்பிடப் போகிறவர்கள் இளமை திரும்பியதைப் பேசுவார்கள். போன இளமை அந்த வீட்டுக்குள் எப்படிக் கழிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்ன வரலாறு இது. நாயனார் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், மண்பாண்டம் வனைபவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். ஒருமுறை பரத்தை வீட்டுக்குப் போய்வந்தார். மனைவி ஊடினார், ஊட நியாயமான காரணம் இருந்தது. அவர் கெஞ்சிக்கொண்டு நெருங்கியபோது, தீண்டக்கூடாது என்று சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். கோபத்தில் வந்த அந்தப் பேச்சு ‘எம்மை’ என்று பன்மையில் அமைந்துவிட, இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று அவர் முடிவுகட்டினார். ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று அவர் கேட்டதாகக் கதையில் இல்லை. ‘அங்கே இனிப் போகாதீர்கள், அது போதும்’ என்று அந்த அம்மாள் சொன்னதாகவும் இல்லை.

அதற்குப் பிறகு வீடு ஒழுங்காகவே நடந்தது. ஒரே கூரை, எல்லா வேலைகளும் தடையின்றி நடந்தன. தொடாமல் வாழ்கிறார்கள் என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அப்படியே இருவரும் மூத்துப்போனார்கள். பக்தி நூல் இதை ஆணை காத்த உறுதியாகப் போற்றுகிறது, அது அதன் நோக்கம். குடும்பத்தின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு ராத்திரிக் கோபம் ஓர் ஆயுளைத் தின்றிருக்கிறது.

சத்தம் கேட்கிற வீட்டைப் பார்த்துத்தான் ஊர் பயப்படுகிறது. சத்தமே கேட்காத வீட்டுக்கு ‘நல்லா இருக்காங்க’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. சட்டம் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. மனமொத்த மணவிலக்குக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ‘பிரிந்து’ என்பதற்கு வேறு வேறு வீடு தேவையில்லை, ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருக்கலாம் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலூர் குடும்பநல நீதிமன்றத்தில் இன்று மனுப் போடுகிறவர்களுக்கும் இதுதான் கணக்கு.

சத்தமில்லாத வீட்டில், சொல்லாமலே புரியும் என்ற நம்பிக்கைதான் முதல் ஆபத்து. அமெரிக்காவில் கென்னத் சவிட்ஸ்கி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 24 தம்பதிகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் உட்கார வைத்து, பல அர்த்தம் கொள்ளக்கூடிய சாதாரண வாக்கியங்களைச் சொல்லச் சொன்னார்கள். துணை சொன்னதைப் புரிந்துகொள்வதில், முன்பின் தெரியாதவரைவிட வாழ்க்கைத் துணை கெட்டிக்காரராக இல்லை. ஆனால் ‘என் துணைக்குப் புரிந்திருக்கும்’ என்ற நம்பிக்கை மட்டும் கூடுதலாக இருந்தது.

‘வீட்டுக்குள்ளேயே கெடந்தா புழுங்குதுங்க’ என்று கடலூர்ப் பெண் ஒருத்தி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் பீச் வரைக்கும் போய்வரலாமா என்று அர்த்தம். அவர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு மறுபடி போனைக் கையில் எடுக்கிறார். கேட்டதைச் செய்துவிட்டதாக அவர் நினைப்பு. கேட்டும் மதிக்கவில்லை என்று அவள் கணக்கு. இதில் கெட்டவர் யாரும் இல்லை. அதனால்தான் இது சண்டையாகக்கூட வெடிக்காமல் சேர்ந்துகொண்டே போகிறது.

நாயனார் கதையில் முடிச்சை அவிழ்க்க மூன்றாம் ஆள் வர வேண்டியிருந்தது. சிவயோகியாக வந்த இறைவன் ஒரு திருவோட்டைக் கொடுத்துவைத்து, அதை மறையச்செய்து, பிறகு திருப்பிக் கேட்டார். மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் முன்வரை போனது. திருட்டுப் பழியைச் சுமந்துகொண்டு நின்றாரே தவிர, ஏன் கையைப் பிடிக்க முடியாது என்று மனுஷன் அங்கேயும் சொல்லவில்லை! குளத்தில் இருவரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கப்பார்த்தார்கள். யோகி விடவில்லை. ஊர் கூடி நிற்கையில்தான் பழைய கதை வெளியே வந்தது. ‘அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு’ என்று பிள்ளையைத் தூது விடுகிற வீடுகளில் அந்த மூங்கில் தண்டு இன்னும் இருக்கிறது. பிடித்துக்கொண்டிருப்பதுதான் குழந்தை.

ஊடல் தீர்க்க ஆள் வேண்டும் என்பது தமிழுக்குப் புதிதல்ல. தோழி, பாணன், விருந்தினர் என்று தொல்காப்பியம் 12 வாயில்களை, அதாவது தூது போகிறவர்களை, பட்டியலிடுகிறது. இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்சி சேர்ந்த உறவினர்கள். சமரசத்துக்கு முயல வேண்டிய கடமையை 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம் நீதிமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் படியேறும்போது இருவர் கையிலும் வக்கீல் எழுதிய குற்றப்பட்டியல் இருக்கும். ஆலோசகரிடம் போவதானால் அதற்கு முன்பே போவது நல்லது.

இத்தனையும் பயமில்லாத வீட்டுக்குத்தான் பொருந்தும். வாய் திறந்தால் அடி விழும் என்பதால் ஒருத்தி பேசாமல் இருக்கிறாள் என்றால், அவளிடம் போய் ‘மனம்விட்டுப் பேசு’ என்று புத்தி சொல்வது அவளை ஆபத்தில் தள்ளுவது. அதற்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. திருமணம் ஆகாமல் குடும்பமாகச் சேர்ந்து வாழ்கிற பெண்ணுக்கும் அது பொருந்தும். பெண்கள் உதவி எண் 181.