உங்களுக்குத் தெரியுமா? கடல் ஏறும், இறங்கும்… நிலமும்தான்!

கடல்மட்டம் என்றதும் உலகம் முழுவதற்கும் ஒரே அளவு என்று நினைக்கிறோம். அது இடத்துக்கு இடம் மாறும். நிலம், பனி, வெப்பம், ஈர்ப்பு நான்கும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் கனடாவின் மொன்றியல் நகரமே இதற்கு நல்ல சாட்சி.

● மலையில் கடற்சிப்பி
மொன்றியல் நடுவே நிற்கும் மவுண்ட் றோயல் மலையின் உயரம் 233 மீற்றர். அதன் சரிவு மண்ணில் கடற்சிப்பிகள் கிடைத்திருக்கின்றன. புவியியல் அறிஞர் சாள்ஸ் லயல் 1842இல் இங்கே வந்து அவற்றைப் பார்த்தார். 1855 முதல் 1893 வரை மக்கில் பல்கலைக்கழக முதல்வராக இருந்த வில்லியம் டோசன் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் நகரம் இருக்கும் இடமெல்லாம் கடல். மலையுச்சி மட்டும் தீவாக நின்றது. அந்தக் கடலுக்குச் சாம்ப்ளெயின் கடல் என்று பெயர்.

● கடல் ஏறவில்லை, நிலம் தாழ்ந்தது
அன்று உலகக் கடல்மட்டம் இன்றையதைவிடப் பல பத்து மீற்றர் கீழே இருந்தது. பிறகு மொன்றியல் எப்படி மூழ்கியது? வட அமெரிக்காவை மூடிய பனிப்பாளம் சில இடங்களில் 3 கிலோமீற்றர் தடிப்பு. அந்தப் பாரத்தில் நிலமே அமிழ்ந்துபோனது. பனி விலகியதும் அத்திலாந்திக் நீர் பள்ளத்துக்குள் புகுந்தது. பாரம் நீங்கிய நிலம் மெல்ல உயர, 2,000 ஆண்டுகளுக்கும் மேல் கிடந்த கடல் வடிந்தது.

● வயல்வெளியில் திமிங்கிலம்
1849இல் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில் புகையிரதப் பாதைக்கு மண் வெட்டியவர்கள் பெலூகா எனும் வெள்ளைத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். அங்கிருந்து கடல் 200 கிலோமீற்றருக்கும் அப்பால். மொன்றியல் செங்கல் சூளைகளின் களிமண் குழிகளிலும் பெலூகா எலும்புகள் கிடைத்தன. இதே இனம் சென் லோறன்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் இன்றும் வாழ்கிறது.

● கடல் விட்டுப்போன ஆபத்து
அந்தக் கடலடியில் படிந்தது லீடா களிமண். உப்புதான் அதன் துகள்களை இறுக்கிப் பிடித்திருந்தது. நன்னீர் அந்த உப்பைக் கழுவிவிட்டால் களி வலுவிழக்கும். அசைந்தால் குழம்பாகி ஓடும். 2010 மே 10 அன்று மொன்றியலுக்கு வடகிழக்கே சென் ஜூட் ஊரில் மண் சரிந்து ஒரு வீட்டையே விழுங்கியது. ஒரே குடும்பத்தின் நான்கு உயிர்கள் பறிபோயின.

● ஒரே நாடு, எதிரெதிர்த் திசை
கனடாவின் பல பகுதிகளில் நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஹட்சன் குடாக் கரையிலுள்ள சேர்ச்சிலில் நிலம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் உயர்வதால், அங்கே கடல் இறங்குவதாகவே அளவுகோல் காட்டுகிறது. அத்திலாந்திக் கரையிலுள்ள ஹலிபாக்ஸிலோ நிலம் தாழ்கிறது. அங்கே கடல் நூறு ஆண்டில் 30 சென்ரிமீற்றருக்கும் மேல் ஏறியிருக்கிறது.

● இலங்கைக்குத் தெற்கே ஒரு பள்ளம்
பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல; அது குறைந்த இடத்தில் கடலும் தாழும். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு, கணக்குப்படி இருக்கவேண்டிய மட்டத்தைவிட 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இதுதான். பூமியின் ஆழத்திலிருந்து எழும் சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் இதற்குக் காரணமாகலாம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் விளக்கினார்கள்.

● பனி உருகினால் பக்கத்தில் கடல் இறங்கும்
பெரும் பனிப்பாளம் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கும். அது உருகினால் பிடி தளர்ந்து, அருகில் கடல் தாழும். தொலைவில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். கிறீன்லாந்து உருகும்போது அதிகம் ஏறுவது தூரத்துக் கடல்களே. மக்கில் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்பவர் நற்றாலியா கோமஸ். அவர் தலைமையில் 2024இல் வெளிவந்த ஆய்வு நம்பிக்கையும் எச்சரிக்கையும் தருகிறது. பூமியைச் சூடாக்கும் வாயு உமிழ்வைக் குறைத்தால், அந்தாட்டிக்காவில் எழும்பும் நிலமே பனியைத் தாங்கி, அக்கண்டத்தால் வரும் கடலேற்றத்தை 40 சதவீதம் வரை குறைக்கக்கூடும். உமிழ்வு கூடினால் அதே நிலவெழுச்சி நீரை வெளியே தள்ளி ஏற்றத்தைக் கூட்டும்.

● மிதக்கும் பனியும் நிலத்துப் பனியும்
கோப்பையில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தாலும் தண்ணீர் வழிவதில்லை. ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனியும் அப்படியே. நிலத்தின்மேல் கிடக்கும் பனிதான் கடலை உயர்த்தும். கிறீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் சுமார் 7 மீற்றர், அந்தாட்டிக்கா முழுவதும் உருகினால் சுமார் 58 மீற்றர்.

● வெப்பமே உயர்த்தும்
தண்ணீர் சூடானால் விரியும். இன்றைய கடலேற்றத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இதனால்தான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. அண்மைப் பத்தாண்டுகளின் ஏற்றத்துக்கு முதன்மைக் காரணம் மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும்.

● மொன்றியல் காட்டிய வழி
1987 செப்டெம்பர் 16 அன்று ஓசோன் படலத்தைக் காக்கும் உடன்படிக்கை மொன்றியலில் கையெழுத்தானது. அது தடைசெய்த குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் பூமியைக் கடுமையாகச் சூடாக்குபவையும்கூட. ஆகவே வெப்பமேற்றத்தையும் அது குறைத்தது. உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற உடன்படிக்கை இது.

● நம் ஊர்க் கிணறு
பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்வு. அன்று பாக்கு நீரிணை தரை. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். அந்த நீரிணையின் கரையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கும் மழைநீரே கிணற்றில் ஊறுகிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தாலும் கடல் ஏறினாலும் அந்தச் சமநிலை குலையும், உவர் மேலே வரும். கடலேற்றத்தைத் தனியொருவர் நிறுத்த முடியாது. மழைநீரைச் சேமிப்பதும் இறைப்பை மட்டுப்படுத்துவதும் நம் கையில் உள்ளவை. ஊரில் கிணறு உள்ளவர்கள் இந்த மாரிக்கே தொடங்குங்கள்.