காரின் முதுகில் சைக்கிள்... பழவேற்காட்டுக்குக் கிளம்பும் முன் எடை பார்த்தீர்களா?

நவம்பர் பிறந்துவிட்டால் பழவேற்காடு களைகட்டிவிடும். பூநாரைகள் வரும் சீசன். சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரம்தான் என்பதால், விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஊர் சுற்றிவிடலாம். அதிலும், காரை ஓரமாக நிறுத்திவிட்டு சைக்கிளில் சுற்றுவதுதான் இந்த ஊருக்குப் பொருத்தம். மீன் மார்க்கெட், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம், ஏரிப் பாலம், அதைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் என எல்லாமே பெடல் மிதிக்கும் தூரத்தில் இருக்கின்றன.

படகில் போகலாமே என்று கேட்காதீர்கள். 2011 டிசம்பர் 25-ம் தேதி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியை யாரோ அலட்சியம் செய்ததன் விலை அது.

சைக்கிளைக் காரில் கட்டும்போதும் அதே கேள்விதான் வருகிறது. ஒரே வித்தியாசம், இங்கே தப்பு நடந்தால் அடிபடுவது காருக்குள் இருக்கும் குடும்பமாக இருக்காது. பின்னால் பைக்கில் வருபவராக இருக்கும். பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் கொல்கத்தா நெடுஞ்சாலை என்று நாம் சொல்லும் ஜி.என்.டி. ரோட்டில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் பைக்குகளும் ஓடுகின்றன. 80 கி.மீ. வேகத்தில் போகும் காரிலிருந்து 15 கிலோ சைக்கிள் ஒன்று கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டோ-பார் ரேக் என்றால் என்ன?

காரின் பின்பக்கம், பம்பருக்குக் கீழே, சேஸிஸோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புச் சட்டம்தான் டோ-பார். வெளிநாடுகளில் டிரெய்லர் இழுக்க வைத்திருப்பார்கள். அதன் முனையில் இருக்கும் 50 மி.மீ. குண்டின் மேல் சைக்கிள் ரேக்கை உட்கார வைத்துப் பூட்டுவது ஐரோப்பிய வழக்கம். சதுரக் குழாய்க்குள் செருகுவது அமெரிக்க வழக்கம். இடுப்பு உயரத்தில் இருப்பதால் சைக்கிளைத் தூக்கி வைப்பது சுலபம். டிக்கி கதவில் கீறல் விழாது. வசதியில் இதை அடித்துக்கொள்ள வேறு ரேக் இல்லை.

இந்த வகை ரேக்குகளில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஸ்வீடன் நிறுவனம் தூலே. 1942-ல் அது தொடங்கியபோது விற்ற பொருள் என்ன தெரியுமா? மீனவர்களுக்கான மீன்பொறி! கார் சாமான்களுக்கு மாறியதெல்லாம் பிறகுதான்.

சிக்கல் எங்கே என்றால், இந்தியாவில் விற்கும் பெரும்பாலான குடும்பக் கார்களுக்கு கம்பெனியே டோ-பார் பொருத்தித் தருவதில்லை. அதனால் வெளியே பொருத்துகிறார்கள். தெரு முனை வெல்டிங் பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. அது ஆபத்து. பம்பர் என்பது வெறும் பிளாஸ்டிக் முகமூடி. எடையைத் தாங்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் சேஸிஸ். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கார் பழுதானால் கயிறு கட்டி இழுக்க ஒரு கொக்கி கொடுத்திருப்பார்கள் அல்லவா? அது இழுக்க மட்டும்தான். அதன் மேல் எதையும் ஏற்றக் கூடாது.

எடைக் கணக்கு போடுங்கள்

டோ-பாருக்கு ஓர் எண் உண்டு. குண்டின் மேல் நேர்கீழாக எத்தனை கிலோ இறங்கலாம் என்ற எண். காரைப் பொறுத்து இது பொதுவாக 50-லிருந்து 100 கிலோ வரை இருக்கும். டிரெய்லர் இழுக்கும் திறன் என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது வேறு.

உங்கள் எண் 75 என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளை நிற்க வைக்கும் மேடை போன்ற ரேக்கே 18 கிலோ வரும். மிச்சம் 57. அப்பா, அம்மா சைக்கிள் தலா 16, மூத்த பிள்ளையுடையது 14, சின்னதுடையது 10. மொத்தம் 56. ஒரு கிலோ மிச்சம் என்று சந்தோஷப்பட முடியாது. தண்ணீர் பாட்டில், பூட்டு, கூடை எல்லாம் சைக்கிளிலேயே மாட்டியிருந்தால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். அப்பா பேட்டரி சைக்கிள் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், அது ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். போதாக்குறைக்கு ரேக்குக்கும் தனியாக ஓர் அளவு இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு. ஸ்பீட் பிரேக்கரில் தடாலென்று இறங்கும்போது அந்தச் சட்டம் தாங்கும் பாரம் இன்னும் கூடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எடை எவ்வளவு என்பது மட்டுமல்ல, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இதை மொபெட்டில் மீன் கொண்டுபோகும் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸ் போட்ட பெட்டியை சீட்டோடு ஒட்ட இழுத்து, பழைய டியூப் ரப்பரால் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து கட்டுவார்கள். பெட்டி ஒரு சாண் பின்னால் தள்ளிப்போனாலும் முன்சக்கரம் லேசாகிவிடும். காருக்கும் அதே விதி. பின் ஆக்ஸிலைத் தாண்டித் தொங்கும் எடை பின்பக்கத்தை அமுக்கி, முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும். ஹெட்லைட் மேலே பார்த்து எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். டிக்கிக்குள் வேறு கூடாரம், சாப்பாட்டு மூட்டை என்று அடைத்திருந்தால் இன்னும் மோசம். கனமான சைக்கிளைக் காருக்கு மிக அருகில் வையுங்கள், லேசானது கடைசியில் போகட்டும்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு: லேடீஸ் சைக்கிள். குறுக்குக் கம்பியில் மாட்டித் தொங்கவிடும் ரேக்குகள் விலை குறைவு. ஆனால் லேடீஸ் சைக்கிளுக்கும் குழந்தைகளின் சைக்கிளுக்கும் அந்தக் கம்பி சரிவாகவோ, இல்லாமலோ இருக்கும். கடையில் அப்பாவின் சைக்கிளை மாட்டிக் காட்டுவார்கள், வீட்டுக்கு வந்ததும் மற்ற மூன்றும் மாட்டாது. வாங்குவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லா சைக்கிள்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

நம்பர் பிளேட் மறைந்தால்?

ரேக் மறைக்கும் முதல் விஷயம் நம்பர் பிளேட், அடுத்தது பின்விளக்குகள். பிரிட்டன் போன்ற நாடுகளில் ரேக்கிலேயே விளக்கும் இன்னொரு நம்பர் பிளேட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கழற்ற முடியாத பூட்டு போட்டுப் பொருத்துகிறார்கள். அதைப் பிடுங்கி ரேக்கில் மாட்டும் யோசனையெல்லாம் எடுபடாது. ஆக, பிளேட்டும் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் வெளியே தெரியும்படி உட்காரும் ரேக்தான் நமக்கு ஆகும். சைக்கிளை மாட்டிவிட்டு பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். நம்பர் படிக்க முடியவில்லையென்றால் அந்த ரேக் உங்கள் காருக்கு இல்லை.

டோ-பாரே சட்டப்படி சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. வாகனத்தின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2017 டிசம்பரில் இதே பிரிவைக் காட்டித்தான், கார்களின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது. அது பேசியது முன்பக்கக் கம்பியைப் பற்றித்தான். ஆனாலும் செலவு செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்து மூலமாகவே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளெய்ம் நேரத்தில் வாய்வார்த்தை கைகொடுக்காது.

மாற்று வழிகள்

கூரை ரேக்கில் நம்பர் பிளேட் பிரச்னையே இல்லை. ஆனால் ஒன்றரை மீட்டர் உயர காரின் மேல் சைக்கிள் நின்றால் மொத்தம் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். இதை மறந்து அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்குள் நுழைந்தால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு. மீனவக் குப்பங்களின் தெருக்களில் தாழ்வாகத் தொங்கும் ஒயர்களையும் கவனிக்க வேண்டும். கூரை தாங்கும் எடை எவ்வளவு என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும், ரேக்கின் எடையும் அதற்குள் அடக்கம்.

டிக்கி கதவில் ஸ்ட்ராப் கட்டி மாட்டும் ரேக்தான் விலை குறைவு. இரண்டு சைக்கிளுக்குப் பரவாயில்லை. டிக்கி கதவில் ஸ்பாய்லர் இருந்தால் கொக்கி சரியாகப் பிடிக்காது. தார், பொலேரோ போல ஸ்டெப்னி பின்கதவில் இருக்கும் வண்டிகளுக்கு, அந்த வீலிலேயே பூட்டும் ரேக் தனியாகக் கிடைக்கிறது.

வருடத்துக்கு இரண்டு முறை பழவேற்காடு போகும் குடும்பத்துக்கு இதெல்லாம் தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை. நல்ல டோ-பார் ரேக்கின் விலைக்கு சாதாரண சைக்கிள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். பின்சீட்டில் ஒரு பாதியை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால் குழந்தைகளின் சைக்கிள் இரண்டு உள்ளேயே போய்விடும். அப்பா, அம்மா நடக்கட்டுமே! மாதம் இரண்டு முறை கிளம்பும் சைக்கிள் பைத்தியங்களுக்கு டோ-பார் கணக்கு கட்டுப்படியாகும்.

ரேக்கோடு கிளம்புபவர்கள் முதல் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கி, ஸ்ட்ராப்புகளை இழுத்துப் பார்த்து இறுக்குங்கள். புதிதாகக் கட்டியது நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பொன்னேரி தாண்டியதும் இன்னொரு முறை. சைலன்ஸர் வாய்க்கு நேரே டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், சூட்டில் ரப்பர் இளகிவிடும். ஊருக்குள் போனதும், நீட்டிக்கொண்டிருக்கும் ரேக்கை மடக்காமல் மார்க்கெட் தெருவில் காரை நிறுத்தாதீர்கள். ரோட்டோரம் உலர்த்தியிருக்கும் வலைகளின் மேல் சைக்கிள் விடாதீர்கள். வீட்டுக்கு வந்தவுடன், ரேக்கையும் அதன் போல்ட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று பட்ட இரும்பு, அடுத்த சீசனுக்குள் துரு ஏறிவிடும்.